பூட்டுக்கான துளை

மடிக்கணினியின் இடது விலாவில் ஒரு துளை.
வெந்தயம் நுழையும், துவரை நுழையாது.
எட்டு மாதமாக அது எதற்கென்று தெரியவில்லை.
தங்கச்சி நவீனா பென் டிரைவை வைத்து
அழுத்திக்கூடப் பார்த்தாள்.

ரிச்சி தெருவில் ஒரு பையன் சொன்னான்:
"சங்கிலி மாட்டுற ஓட்டை, பாஸ்.
இந்த முனை மிஷின்ல,
அந்த முனை அசையாத பொருள்ல."
ஆயிரத்து நூறு சொல்லி
எழுநூறுக்கு இறங்கினான்.

கொருக்குப்பேட்டைக்கு வந்து
வீட்டில் அசையாத பொருளைத் தேடினேன்.

கூட்ஸ் வண்டி போனால்
எங்கள் அலமாரித் தட்டுகள் ஒரு விரற்கடை நடக்கும்.
பீரோ தவணையில் வந்தது,
தவணை தவறினால் அதற்கும் கால் முளைக்கும்.
சிலிண்டர் நாற்பது நாளுக்கு ஒருமுறை ஆள் மாறுகிறது.
ஜன்னல் கம்பி
உப்புக்காற்றில் பொறை பிஸ்கட்டாக உதிர்கிறது.
"என் கால்ல கட்டு" என்றாள் அம்மா,
"நான் எங்க போவப் போறேன்."

மிச்சம் இருந்தது
பாத்திரம் கழுவும் இடத்து அடிபம்பு.
ஏழு வருடமாகச் சொட்டுத் தண்ணீர் தராதது.
கடைசியாக அடித்தபோது மண்ணெண்ணெய் வாசம் வந்தது.
பெயர்த்து எடைக்குப் போடலாமென்று
இரண்டு பேரும் ஒரு கடப்பாரையும் வந்து
டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அதன் கழுத்தில் சங்கிலியைச் சுற்றினேன்.
ஈரம் படாமலிருக்க ஒரு ஸ்டூல்,
ஸ்டூல் மேல் கணினி,
கணினிக்குள் காசிமேட்டு ஐஸ் கம்பெனிகள் நான்கின்
ஜிஎஸ்டி.

இதெல்லாம் டெல்லிபாபுவால் வந்த பயம்.
அவன் ஜெராக்ஸ் கடையில் ஷட்டரை நெம்பியவன்
சிபியுவை மட்டும் எடுத்துக்கொண்டு
மானிட்டரை விட்டுப் போயிருந்தான்.
மூன்று நாள்
டெல்லிபாபு அந்த மானிட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.
மிஷின் போனதற்கு அழவில்லை அவன்.
மாட்டு மந்தைப் பக்கத்துக் கல்யாணம் ஒன்று,
அறுநூறு படம்,
வேறெங்கும் ஏற்றி வைக்காதது.
மாப்பிள்ளை வீட்டார் வரும்போதெல்லாம்
பின்பக்கமாகப் போய்விடுவான்.

அதனால் ஞாயிறுதோறும்
எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து
திருவொற்றியூர் எத்திராஜ் மாமா வீட்டில் கொடுக்கிறேன்.
மாமா அந்த டிஸ்க்கை
சாமி படத்துக்குப் பின்னால் வைத்து
அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டுகிறார்.

பூட்டிய பொருளைத் தூக்கிக்கொண்டு
வெளியே போகத்தானே வேண்டியிருக்கிறது.

மிண்ட் பாலத்துக்குக் கீழே, இரவு பதினொன்றே முக்கால்.
கடன் வாங்கிய பைக். பை முதுகில் இல்லை,
நெஞ்சில்.
ஷேர் ஆட்டோவில் பழகிய பத்திரம்.
டார்ச் முதலில் பையைப் பார்த்தது.
"உள்ள இன்னா?"
"லேப்டாப் சார்."
"எந்த ஏரியா?"
சொன்னேன்.
டார்ச் முகத்துக்கு ஏறியது.
"யாருது?"

என்னுடையது என்று சொல்ல
இவ்வளவு எச்சில் தேவைப்படும் என்று தெரியாது.
"உன்னுதுன்னா தொற."
பைக் சீட்டில் வைத்துத் திறந்தேன்.
தினம் இருபது முறை தட்டும் கடவுச்சொல்.
விரல் தவறியது.
மறுபடி தவறியது.
பக்கத்தில் நின்ற காவலர்
லத்தியைக் கை மாற்றினார்.

மூன்றாம் முறை திறந்தது.
திரையில் வஞ்சிரம், வவ்வால், நண்டு,
கிலோ, விலை, வரி.
கொஞ்ச நேரம் படித்துப் பார்த்தார்.
"வவ்வால் இவ்ளோவா விக்குது?"
பிறகு உண்மையான அக்கறையோடு சொன்னார்:
"பத்திரமா வெச்சுக்க தம்பி.
இங்கெல்லாம் திருட்டு ஜாஸ்தி."

மறுநாள் பில்லை லேமினேட் செய்தேன்.
டெல்லிபாபு காசு வாங்கவில்லை.
அடியில் ஒட்டிய பன்னிரண்டு எழுத்து எண்
எனக்கு இப்போது மனப்பாடம்,
ரத்த வகை இன்னும் தெரியாது.

இப்போதும் தாமதமாக வந்தால்
முதலில் சங்கிலியை மாட்டி
எண்களைக் கலைத்துவிட்டுத்தான் சாப்பாடு.
நேற்று ஒரு நீளமான கூட்ஸ்.
தட்டுகள் நடந்தன.
அம்மா தூக்கத்தில் கையை நீட்டி
ஒரு டம்ளரைப் பிடித்தாள்.